மரத்தடியில் ஒரு மீட்டர்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது கையில் காசில்லாத நாட்களில் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் பழமொழி. கடவுள் விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். நகரத்துத் தெருமரங்களுக்குப் பொருந்தாது. மரம் வைப்பவர்கள் ஜூலையில் வருகிறார்கள். குழியில் கன்றை நிறுத்தி, மண்ணைத் தள்ளி, படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியது மார்ச்சிலும் ஏப்ரலிலும். அப்போது தெருவில் இருப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான்.

ஹைதராபாத்துக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். தெலங்கானா அரசு 'ஹரித ஹாரம்' திட்டத்தை 2015 ஜூலை 3 அன்று சில்கூரில் தொடங்கியது. மாநிலத்தின் மரப்பரப்பை 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு; அதற்கு 230 கோடிக் கன்றுகள் என்று கணக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி நகரின் வனப்பரப்பு 2011-இல் 33.15 சதுர கிலோமீட்டராக இருந்தது, பத்தாண்டில் 81.81 ஆனது. 2021 பிப்ரவரியில் 'உலகின் மர நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்தது. இந்திய நகரங்களில் அதைப் பெற்ற முதல் நகரம் இதுதான். அடுத்த ஆண்டு அக்டோபரில் தென்கொரியாவின் ஜேஜுவில் உலகப் பசுமை நகர விருதும் வந்தது.

விருதுகளைவிடச் சுவையானது ஒரு சட்டப் பிரிவு. தெலங்கானாவின் 2019 நகராட்சிச் சட்டம், உள்ளாட்சிகள் தம் வரவுசெலவில் 10 விழுக்காட்டைப் பசுமைக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. நட்ட கன்றுகளில் 85 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வார்டு உறுப்பினரின் பதவிக்கே ஆபத்து என்றும் சொன்னது. எத்தனை நட்டாய் என்று கேட்டுப் பழகிய அரசாங்கக் காகிதத்தில், எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கேள்வி ஏறியது பெரிய விஷயம். அந்தக் கேள்விக்குப் பதில் அலுவலகத்தில் இல்லை. தெருவில், மரத்தின் காலடியில் இருக்கிறது.

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளி அப்படிப்பட்ட தெருக்கள் நிறைந்த பேட்டை. கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாரெட்பள்ளிகள்; கட்டம் போட்டதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் வீதிகள்; ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கும் பழைய தனி வீடுகள்; அந்த வீடுகளுக்கு முன்பு வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி. மேற்கே நேரு நகர் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள். கூப்பிடு தூரத்தில் கண்டோன்மென்ட். மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் உருவான இந்தப் படை நகரத்துக்கு மதராஸ் படைகளோடும், பிறகு ரயில்வே உத்தியோகத்தோடும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். செகந்திராபாத்தின் மகபூப் கல்லூரியை 1862-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி வைத்தவரே ஒரு சோமசுந்தர முதலியார்தான். அதனால் இங்கே ஒரு மரத்துக்குக் குறைந்தது இரண்டு பெயர். பாட்டி 'புங்கை' என்பார், பக்கத்து வீட்டுக்காரர் 'கானுகா' என்பார். புளி என்றால் சிந்த, ஆல் என்றால் மர்ரி, அரசு என்றால் ராவி, நாவல் என்றால் நேரேடு. வேம்புக்கு மட்டும் சண்டையில்லை. அங்கே 'வேப்ப', இங்கே 'வேப்ப மரம்'.

இப்படி ஒரு பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தொண்டர் குழு கூடினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? கன்று வாங்கப் போகலாம் என்று நான்கு பேர் சொல்வார்கள். அந்த நான்கு பேரிடமும் ஆளுக்கொரு அளவு நாடாவைக் கொடுத்து, ஏற்கெனவே நிற்கும் மரங்களின் அடியை அளந்து வரச் சொல்வது நல்லது. பெரும்பாலான மரங்களைச் சுற்றி நாடாவை விரிக்கவே இடமிருக்காது. சிமென்ட் தரை அடிமரத்தின் பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேவர் கல் பதித்த நடைபாதையில் மரம் பாட்டிலுக்குள் மாட்டிய தக்கைபோல் நிற்கும்.

இது ஏன் கெடுதல் என்பதற்கு மண்ணுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஹைதராபாத் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைய கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாறை சிதைந்து உண்டான செம்மண் பல இடங்களில் ஓரிரு அடி ஆழம்தான். அதற்குக் கீழே மொரம் எனப்படும் சரளை, அதற்கும் கீழே பாறை. மரத்தின் வேர் மரத்தின் உயரத்துக்குப் பூமிக்குள் இறங்குகிறது என்பது பள்ளிப் படங்கள் உண்டாக்கிய நம்பிக்கை. உண்மையில் எந்த ஊர் மரமானாலும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டு அடிக்குள் இருக்கும். கிளைப்பரப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் ஓடும். மரத்தின் வடிவத்துக்கு உவமை வேண்டுமானால் தட்டின்மேல் நிறுத்திய குத்துவிளக்கைச் சொல்லலாம். அந்தத் தட்டைத்தான் நாம் சிமென்ட் போட்டு மூடுகிறோம்.

வேர் மூச்சு விடும். இலை ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிடுவதைப் பேசுகிற அளவுக்கு, வேர் ஆக்சிஜனை உள்ளிழுப்பதை யாரும் பேசுவதில்லை. வேரில் பச்சையம் கிடையாது. இலை அனுப்பும் சர்க்கரையை எரித்துத்தான் அது உயிர்வாழ வேண்டும், எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நல்ல தோட்டத்து மண்ணில் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி துளைகள். அவற்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு காற்று. வெளிக்காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. மண்துளைகளில் அது 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மரங்களின் வேர் வளர்ச்சி தடுமாறத் தொடங்கும். ரோடு ரோலர் ஓடிய மண்ணில், லாரி நிறுத்திய மண்ணில், துளைகள் நசுங்கிப் போகின்றன. மேலே சிமென்ட் மூடியும் விழுந்தால் காற்றும் தண்ணீரும் ஒருங்கே நின்றுவிடும். மரம் உடனே சாகாது. அதுதான் சிக்கல். நான்கைந்து வருடம் கழித்து உச்சிக் கிளை காயும்போது சிமென்ட் போட்டது யாருக்கும் நினைவிருக்காது. "பூச்சி விழுந்துவிட்டது" என்று முடித்துவிடுவார்கள்.

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி அமைப்புகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் சிமென்ட்டை அகற்றுங்கள். அது டெல்லிக்கான உத்தரவுதான். ஆனால் தொண்டர்களுக்கு அதைவிட வசதியான அளவுகோல் இல்லை. ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 3.14 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஹைதராபாத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 2,500 லிட்டர். சிமென்ட்டை எடுத்தால் அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு வேருக்கு; எடுக்காவிட்டால் முழுவதும் சாக்கடைக்கு. 2020 அக்டோபர் 13-14-இல் ஒரே நாளில் 19 சென்டிமீட்டர் கொட்டித் தெருக்கள் ஆறானபோது, சாக்கடையால் எவ்வளவு விழுங்க முடியும் என்பதை நகரம் பார்த்தது.

மரத்தடி வட்டத்தைத் திறப்பதில் வீரம் காட்டக் கூடாது. கடப்பாரையை ஓங்கி இறக்கினால் உடைவது சிமென்ட் மட்டுமல்ல. தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணின் முதல் ஓர் அடியிலேயே பின்னிக் கிடக்கின்றன. சிறிய உளியும் சுத்தியலும், விளிம்பிலிருந்து மரத்தை நோக்கி, துண்டு துண்டாக. அடியில் வெளிப்படும் மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டியதில்லை. நடைபாதை மாநகராட்சியுடையது, சில தெருக்கள் தள்ளிப் போனால் கண்டோன்மென்ட் வாரியத்துடையது. யாருடைய கல்லைப் பெயர்க்கிறோம் என்று கேட்டுவிட்டுப் பெயர்ப்பது தொண்டுக்கும் நல்லது, தொண்டருக்கும் நல்லது.

திறந்த வட்டத்தின்மேல் என்ன போடுவது? அதற்கான பொருளைத்தான் தெருவில் தினமும் பெருக்கிக் கொளுத்துகிறார்கள். வேம்பு இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தெருமுனைக்கு ஒரு புகை. திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே நாடு முழுமைக்கும் சொல்லிவிட்டது. சருகைக் கொளுத்துகிறவர் அந்த மரத்தின் ஒரு வருடச் சேமிப்பையே கொளுத்துகிறார். மரம் இலையை உதிர்க்குமுன் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஓரளவு திரும்ப எடுத்துக்கொள்ளும், மிச்சமிருப்பது மண்ணுக்கு.

சருகை அப்படியே மூன்று நான்கு அங்குலக் கனத்தில் மரத்தடியில் பரப்பினால் அதன் பெயர் மூடாக்கு. வெயில் மண்ணை நேராகத் தொடாது, ஈரம் நிற்கும், மண்புழு வரும். ஒரே ஒரு விதி. மூடாக்கு மெதுவடை வடிவத்தில் இருக்க வேண்டும், நடுவில் ஓட்டை. அடிமரத்தின் பட்டை எப்போதும் காய்ந்திருக்க வேண்டியது. அதன்மேல் ஈரச் சருகைக் குவித்தால் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும். கூடுதலாகக் கிடைக்கும் சருகைக் கம்பி வலைக் கூண்டில் போட்டு மட்கவிடலாம். வெறும் சருகு மெதுவாகத்தான் மட்கும், ஏனென்றால் அதில் நைட்ரஜனைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் கார்பன். நுண்ணுயிர்களுக்குப் பிடித்த விகிதம் முப்பதுக்கு ஒன்று. காய்கறித் தோலோ கொஞ்சம் சாணமோ சேர்த்தால் விகிதம் சரியாகும். கூண்டுக்குள் கைவிட்டுப் பார்த்தால் சுடும். நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

மண்ணுக்குள் இன்னொரு கூட்டாளியும் உண்டு. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பெர்ட் ஃபிராங்க் 1885-இல் அதற்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார்: வேரோடு கூடி வாழும் பூஞ்சை. வேர் நுழைய முடியாத இடுக்குகளில் பூஞ்சையிழை நுழைந்து பாஸ்பேட்டைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஏதோ ஒரு பூஞ்சையோடு ஒப்பந்தம் போட்டவை. புதுக் குழியில் கடைசியாக, பழைய மரத்தடி மண் ஒரு கைப்பிடி போடுகிற வழக்கத்தில் அறிவியல் இருக்கிறது.

வெயில் காலத்துக்கு வருவோம். ஹைதராபாத்தின் மே மாதத்தில் ஒரு மரம் என்ன செய்கிறது என்பதை ஏசிக் கணக்கில் சொன்னால் உடனே புரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நன்கு வளர்ந்த, வேருக்குத் தண்ணீர் கிடைக்கிற ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் ஆவியாக்குவதாக வைத்துக்கொள்வோம். பகல் பத்து மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், ஒரு டன் ஏசி இரண்டு இடைவிடாமல் ஓடி அகற்றும் வெப்பத்துக்குச் சமம். ஒரு வித்தியாசம்: ஏசி அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டும், கூடவே தன் மோட்டாரின் வெப்பத்தையும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் மரத்தடியில் ஏசி அறையின் குளிர் கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நிழல் தனிக் கணக்கு. பெங்களூரில் ஹரிணி நாகேந்திராவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட அளவீடுகளில், மரமுள்ள சாலைப் பகுதியில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவு. தார்ச்சாலைப் பரப்பின் வெப்பமோ 27.5 டிகிரி வரை குறைவு. செருப்பில்லாமல் மே மாதம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணை யாரும் விளக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் தண்ணீர் வேண்டும். பழைய மரம் தானே தேடிக்கொள்ளும். புதுக் கன்றுக்கு முதல் இரண்டு மூன்று கோடைகள் கையால் ஊற்றியாக வேண்டும். தினம் ஒரு சொம்பு ஊற்றுவது அன்பு, ஆனால் தவறான அன்பு: மேலே மட்டும் ஈரம் இருந்தால் வேர் மேலேயே தங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, 15, 20 லிட்டர், மெதுவாக இறங்கும்படி. அடியில் ஊசித்துளை போட்ட பழைய தண்ணீர் கேனைக் கன்றின் பக்கத்தில் வைத்துவிட்டால் அது தன் வேகத்தில் கசிந்துகொண்டிருக்கும். தண்ணீருக்கு எங்கே போவது என்றால், சமையலறைக்கு. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து விழுந்தது. உப்பே இல்லாதது, கன்றுக்கு அமிர்தம். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீர் அப்படியல்ல. போர் தண்ணீரின் உப்பையெல்லாம் திரட்டி வைத்திருக்கிற அதைத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பேறி இலை விளிம்பு கருகும். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். கேனிலும் பறவைக்கு வைக்கும் கிண்ணத்திலும் தண்ணீரை வாரக்கணக்கில் தேங்கவிடாதீர்கள். அனோபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று கண்டுபிடித்தது இதே செகந்திராபாத்தில்தான். அந்தப் பெருமை ஒருமுறை போதும்.

கன்றுகள் சாவதற்குத் தாகம் மட்டும் காரணமல்ல. நாற்றங்காலின் பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் புதைப்பது ஒன்று. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைப் பிரித்துவிடாமல் நட்டால் அது வெளியே வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் கழித்துத் தன் அடிமரத்தையே நெரிக்கும். இன்னொன்று இரும்புக் கூண்டு. மாட்டிடமிருந்து காப்பாற்ற வைத்த கூண்டைக் கழற்ற யாரும் வருவதில்லை. மரம் பருத்துக் கம்பியைத் தொட்டதும், இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்கும் புளோயம் பாதை நசுங்கும். அந்தப் பாதை பட்டைக்குச் சற்று உள்ளேதான் ஓடுகிறது. நன்கொடையாளரின் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். விளம்பரத் தட்டி அடிக்கும் ஆணிகள், சீரியல் பல்பு சுற்றி மறந்துபோன ஒயர்கள் எல்லாம் இதே வகை. ஒரு குறடும் ஒரு மணி நேரமும் இருந்தால் ஒரு தெருவை விடுவித்துவிடலாம்.

தொண்டர்கள் பார்த்துக்கொண்டால் உண்மையிலேயே மரம் பிழைக்கிறதா, அல்லது இது நல்லெண்ணக் கதையா? நியூயார்க்கில் எண்ணிப் பார்த்தார்கள். 1999-க்கும் 2003-க்கும் இடையில் நட்ட தெருமரங்களில் 13,405 மரங்களை 2006, 2007-இல் தேடிப்போய்ப் பார்த்ததில் 74.3 விழுக்காடு உயிரோடு இருந்தன. அதாவது நான்கில் ஒன்று போய்விட்டது. பணமும் ஆளும் உள்ள நியூயார்க்கிலேயே. பிழைத்தவற்றோடு சேர்ந்து தெரிந்த அம்சங்களில் ஒன்று, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கவனிக்கிறார் என்பதற்கான அடையாளம்: களை பிடுங்கிய மண், மூடாக்கு, சிறு செடிகள், கையால் எழுதிய ஓர் அட்டை. 2015-இல் அந்த நகரம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களை வைத்துத் தெருமரக் கணக்கெடுப்பே நடத்தி 6,66,134 மரங்களை வரைபடத்தில் ஏற்றியது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தை 'நிழல்' அமைப்பின் தொண்டர்கள் மரப்பூங்காவாக்கினார்கள். 2005-இல் தொடங்கிய அமைப்பு அது. மரத்திலிருந்து ஆணி பிடுங்குவதை ஓர் இயக்கமாகவே நடத்தியவர்கள். எந்த மரத்தை எங்கே நடுவது, கிளையை எந்த இடத்தில் வெட்டுவது என்று சொல்லிக்கொடுப்பவர்கள். கோட்டூர்புரத்தில் அவர்கள் வைத்தவை பெரும்பாலும் நம் ஊர் மரங்கள். மாரெட்பள்ளிக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது, மரம் அல்ல, கிணறு. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பன்சிலால்பேட்டையில் பல பத்தாண்டுக் குப்பைக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய படிக்கிணற்றை ஒரு தொண்டு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து தூர்வாரி மீட்டன. 2022 டிசம்பர் 5-இல் திறப்பு விழா நடந்தது. ஊற்று அடியில் அப்படியே இருந்திருக்கிறது.

எந்த மரம் என்ற கேள்வியில் ஹைதராபாத் விலை கொடுத்துப் பாடம் படித்தது. கோனோகார்பஸ் என்ற மரத்தைச் சாலை நடுவிலும் பூங்கா ஓரத்திலும் வரிசையாக வைத்தார்கள். வேகமாக வளரும், ஆண்டு முழுதும் பச்சை. ஒப்பந்ததாரருக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு மகரந்த ஒவ்வாமை, குழாய்களைத் தேடிப்போகும் வேர் என்று புகார்கள் எழுந்து தெலங்கானா நடுவதை நிறுத்தியது. குஜராத் 2023-இல் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஜனவரியில். ஏற்கெனவே நிற்பவற்றை ஒரே நாளில் வெட்டித் தள்ளுவது இரண்டாவது தவறு. பக்கத்தில் புங்கையோ நாவலோ தோள் உயரம் வந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். எதை வெட்டுவதானாலும் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

அதேபோல, அவசரப்பட்டுக் கைவிடவும் கூடாது. 2021 வாக்கில் தெலங்கானா முழுவதும் வேப்பமரங்கள் நுனியிலிருந்து காய்ந்து பழுப்பாகின. வேம்புக்குச் சாவு வந்துவிட்டது என்று பேச்சு பரவியது. காரணம் நுனிக்கருகல் நோய்; போமாப்சிஸ் என்ற பூஞ்சை, கூடவே சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசுப்பூச்சி. நோய் மழைக்காலத்தில் பரவி, குளிர்காலத்தில் மரங்களைக் கருகச் செய்தது; வெயில் வந்ததும் பெரும்பாலான மரங்கள் புதுத் துளிர் விட்டன. காலடியில் மண்ணும் ஈரமும் கிடைக்கிற மரம் இந்த மாதிரி அடியைத் தாங்கும். தெருத் தெருவாக எது எப்போது துளிர்த்தது என்று குறித்து வைக்கிற ஆட்கள் இருந்தால் அது வெறும் ஆறுதலாக இல்லாமல் தரவாகவும் ஆகும். 2010-இல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் அதற்குத்தான்: வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலையைப் பதிவு செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஓய்வுபெற்றவர்களுக்கு இன்னும் ஏற்றது, அவர்கள் தவறாமல் செய்வார்கள்.

குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஞாயிறு நாற்பது பேர் வருவார்கள், தொப்பி, டி-ஷர்ட் சகிதம். மூன்றாம் மாதம் ஆறு பேர். இதைத் தோல்வி என்று வருந்துகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அறுபது கன்றுக்கு 20 லிட்டர் வீதம் 1,200 லிட்டர், அறுபது கேன்; ஆறு பேருக்குத் தலைக்குப் பத்து. ஒரு மணி நேர வேலை, பிறகு டிபன். கன்றுகளை அறுநூறாக்கினால்தான் இந்தக் கணக்கு உடையும். ஆகவே ஊற்ற முடிகிற அளவுக்கு மட்டும் நடுவது என்று தீர்மானிக்கிற குழு பிழைக்கும், அதன் கன்றும் பிழைக்கும்.

மரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஹைதராபாத்தில் ஒரு சாட்சி நிற்கிறது. 1908 செப்டம்பர் 28-இல் மூசி ஆறு கரை உடைத்து ஆயிரக்கணக்கானவர்களை அடித்துச் சென்றபோது, அப்சல்கஞ்சில் இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தில் ஏறி ஏறக்குறைய 150 பேர் உயிர் தப்பினார்கள். அதை நட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது.

வருகிற ஞாயிறு உங்கள் வாசலில் நிற்கும் மரத்தின் அடியில் அளவு நாடாவை வைத்துப் பாருங்கள். பட்டையிலிருந்து சிமென்ட் எத்தனை சென்டிமீட்டரில் தொடங்குகிறது என்று தெருப் பெயரோடு, தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாநகராட்சிக்கு மனு கொடுக்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.